யோசனைத் திலகம்

பழைய மார்க்கெட் ரோட்டுக்கு ‘டவுன்டவுன்’ என்று இன்னொரு பெயர் இருக்கிறது என்பது அங்கே கடை போட்டிருந்த யாருக்கும் தெரியாது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்கள் முனையில் நின்று, முக்கி முனகித் திரும்புகிற சாதாரணக் கடைவீதி அது. காய்கறி, எவர்சில்வர், நைட்டி, செல்போன் ரிப்பேர், நடுவில் ஒரு பிள்ளையார், அவருக்கு எதிரே ஒரு நகைக்கடை. ஒருநாள் காலை கடை திறக்க வந்தவர்கள் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பேனரைப் பார்த்தார்கள். ‘நமது டவுன்டவுன், நமது யோசனை. வாரீர், கனவு காண்பீர்’ என்று எழுதி, கீழே ‘மேற்குப் புறநகர் எழில் மேம்பாட்டுக் குழுமம்’ என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடந்து போய்க்கொண்டிருந்தது. மாடு எதுவும் குறுக்கே வரவில்லை.

பேனரின் ஒரு கயிற்றை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். இன்னொரு கயிற்றை மகளிர் கழிப்பறையின் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். கட்டிடம் இதற்காவது பயன்பட்டதே என்று பிளவுஸ் தைக்கும் ஆக்னஸ் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதைக் கட்டி முடித்து இரண்டு தீபாவளி போய்விட்டது. ரோஸ் நிறப் பெயின்ட், உள்ளே வழவழவென்று டைல்ஸ், குழாயைத் திருகினால் தண்ணீர், வாசலில் கருங்கல்லில் கல்வெட்டு. யார் தலைமையில், யார் முன்னிலையில் என்பதெல்லாம் பொறித்தாகிவிட்டது. யாருடைய பொற்கரங்களால், எந்த நாளில் என்ற இரண்டு இடம் மட்டும் காலியாக இருந்தது. பொற்கரங்கள் இன்னும் தேதி கொடுக்கவில்லை. அதனால் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டைக் காக்க எத்திராஜ் என்று ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார்கள். அவர் தினமும் காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போவார். யாரும் உபயோகிக்காத பீங்கானைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவுவார். பிறகு வெளியே வந்து பூட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். போன வருஷம் மிகத் தூய்மையான பொதுக் கழிப்பறை என்று அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தையும் உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அவசரத்துக்கு ஒரு தடவை திறந்துவிட்டால் என்ன என்று ஆக்னஸ் அவரிடம் கேட்டிருக்கிறாள். எத்திராஜ் கெட்டவரில்லை. அவளுடைய அறியாமைக்காக இரக்கப்பட்டார்.

“அது எப்பிடிம்மா ஆவும்? ஒரே ஒரு ஆளு உள்ள பூந்து வந்துட்டாலும் அது பழசாப்பூடும். பழசுக்கு எந்தப் பெரிய மன்சன் வந்து ரிப்பன் வெட்டுவாரு?”

வேறொரு ஊரில் அப்படித்தான் ஒரு பஸ் நிழற்குடையில், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நாலு பேர் மழைக்கு ஒதுங்கிவிட்டார்களாம். யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட, விழா ரத்து. பொறுப்பாக இருந்த அதிகாரியைத் தண்ணியில்லாத ஊருக்குத் தூக்கியடித்தார்கள். அந்த நிழற்குடை இன்றைக்கும் கேட்பார் இல்லாமல் நிற்கிறது, ஜனங்கள் பாட்டுக்கு அதில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று எத்திராஜ் வருத்தத்தோடு சொன்னார்.

ஆக்னஸ் நாசரேத் பக்கத்துக்காரி. கணவனுக்கு ஆவடி டிபன்ஸ் பாக்டரியில் வேலை. கல்யாணமாகி வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவள், பிள்ளைகள் பெரிதானதும் மார்க்கெட் ரோட்டில் ஓர் இடம் பிடித்து மெஷினைப் போட்டாள். மெஷினை வைத்த பிறகு தைக்கிறவள் உட்கார இடமிருக்கும் கடை, அவ்வளவுதான். குவார்ட்டர்ஸுக்கு ஷேர் ஆட்டோவில் போய்த் திரும்புவதற்குள் ஒரு பிளவுஸைக் கொக்கி வரை வைத்துத் தைத்துவிடலாம். அதனால் மார்க்கெட் ரோட்டுப் பெண்கள் எல்லோரையும் போல, காலையில் வீட்டில் காப்பி குடித்தால் மறுபடி சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிப்பாள்.

அடக்கவே முடியாத நாளுக்கு நகைக்கடை இருந்தது. அதற்கென்று ஒரு முறை உண்டு. நேராக உள்ளே போய் மூக்குத்தி காட்டச் சொல்ல வேண்டும். கலியமூர்த்தி என்ற சேல்ஸ்மேன் தட்டை எடுத்து மேலே வைப்பார். ‘இதோ வந்துடறேன்’ என்று பின்பக்கம் போய்விட்டு வந்து, இரண்டு மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, கல் கொஞ்சம் சிறிசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். கலியமூர்த்தியும் ‘அடுத்த வாரம் புது டிசைன் வருதும்மா’ என்பார். இரண்டு பக்கமும் மரியாதை கெடாமல் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. ஆக்னஸின் கடைக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் முனியம்மா நாலு வருஷமாக மூக்குத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கே குத்திக்கொண்டதில்லை.

புதிதாக வந்த மேனேஜர் இந்த வியாபாரத்தின் நுணுக்கம் புரியாமல், பில் போட்டவர்களுக்கு மட்டும்தான் பின்பக்கம் என்று எழுதி ஒட்டிவிட்டார். அதே வாரம் ஆக்னஸுக்கு விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல் என்றார். தண்ணீர் குடிக்காமல் வந்த கல், இப்படியே இருந்தால் கிட்னி கெட்டுப்போகும், பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாளெல்லாம் குடியுங்கள் என்றார். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. அது கிட்னி டாக்டரிடம் கேட்கிற கேள்வி இல்லை, நகரமைப்பு சம்பந்தப்பட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் உண்மையாகவே பயந்துபோனாள். மறுநாள் அந்தப் பேனர் அழைத்த யோசனை முகாமுக்குப் போனாள்.

அவளிடம் ஒரே ஒரு யோசனை இருந்தது. பூட்டைத் திறக்க வேண்டும்.

குழுமத்தின் அலுவலகம் மார்க்கெட் காம்ப்ளெக்ஸின் முதல் மாடியில், குளுகுளுவென்று ஏசி போட்ட ஹால். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சால்வை எல்லாம் முடிந்து, செயல் அலுவலர் பக்தவத்சலம் பேச எழுந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா.

“மேலிருந்து திட்டம் போட்டுக் கீழே கொடுத்த காலம் மலையேறிவிட்டது” என்றார். “இனிமேல் நீங்கள் சொல்வீர்கள், நாங்கள் கேட்போம். கேட்பது எங்கள் கடமை. கேட்பதோடு எங்கள் கடமை இனிதே நிறைவடைகிறது.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து ஆலோசகர் அஸ்வின் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், அம்பத்தூரில் பிளாட். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வண்ணச் சீட்டுகளும் வைத்திருந்தான். விதிகளைச் சொன்னான். குறை சொல்லக் கூடாது. ஏன் நடக்கவில்லை என்று கேட்கக் கூடாது. கண்ணை மூடி, இல்லாத ஒன்றைக் கனவு காண வேண்டும். ஒருமுறை வந்த யோசனையை மறுபடி கொடுத்தால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது.

ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோவில்பதாகையிலிருந்து வந்திருந்த பூபாலன் என்ற ஓய்வுபெற்ற சூப்பர்வைசர், மழைநீர்க் கால்வாயில் படகு விட்டால் வெனிஸ் மாதிரி இருக்கும் என்றார். கால்வாயில் இப்போது என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை, அது குறை ஆகிவிடும். அடுக்குமாடியிலிருந்து வந்த ஓர் இளைஞர், மார்க்கெட்டில் நடக்கிறவர்கள் எத்தனை அடி நடந்தார்கள் என்று சொல்லும் செயலி வேண்டும் என்றார். அஸ்வின் எல்லாவற்றையும் ‘சூப்பர், சூப்பர்’ என்று பலகையில் ஒட்டினான்.

ஆக்னஸின் முறை வந்தபோது அவள் எழுந்து, ரோஸ் கட்டிடத்தின் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்றாள். அஸ்வின் நெற்றியைச் சுருக்கினான்.

“மேடம், டாய்லெட் இருக்கா, இல்லையா?”

“இருக்கு தம்பி. பூட்டிக் கெடக்கு.”

“அப்ப இருக்குல்லீங்க. இருக்கறதைப் பத்திச் சொன்னா அது கம்ப்ளெயின்ட். இல்லாததைப் பத்திச் சொன்னாத்தான் ஐடியா.”

அவளுடைய சீட்டை அவன் தூக்கிப் போடவில்லை, நல்ல பையன். தனியாக ஒரு பலகையில் ஒட்டினான். அந்தப் பலகையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

ஆக்னஸுக்கு வெட்கமும் கோபமுமாகப் போய்விட்டது. வெளியே வந்தவள் வராந்தாவின் கோடியில் ஒரு கதவைப் பார்த்தாள். ‘மகளிர்’ என்று எழுதியிருந்தது. தள்ளினாள். திறந்தது. உள்ளே சோப்பு கூட வைத்திருந்தார்கள். அவள் வெளியே வந்தபோது குழுமத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

முனியம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? முனியம்மாவிடம் சொன்ன பிறகு மார்க்கெட்டில் மற்றவர்களிடம் தனியாகச் சொல்லவேண்டிய தேவையில்லை. கருவேப்பிலைக்காரி, பாத்திரக்கடைப் பெண்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ரேஷ்மா என்று மறுநாள் ஒரு கூட்டமே மாடியேறியது. ஆனால் வாசலில் ஒரு நிபந்தனை இருந்தது. கையில் யோசனைச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு தடவைக்கு ஒரு யோசனை.

முனியம்மாவுக்கு எழுத வராது. ஆக்னஸின் கடைக்கு முன்னால் வந்து காலை மாற்றி மாற்றி நின்றாள்.

“ஆக்னஸு, இன்னாத்தையாவது எய்துமே, சீக்கிரம்.”

“என்னக்கா எழுத?”

“இன்னாத்தையோ எய்து. நிக்க முட்ல என்னால.” முனியம்மாவின் கண் கடைக்குள் தொங்கிய அடகுக்கடை காலண்டரில் போய் நின்றது. அதில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. “யானை. ரவுண்டானாண்ட யானை வெக்கச் சொல்லி எய்து.”

“எம்புட்டுப் பெரிசு?”

“தாயீ, எய்து தாயீ.”

ஆக்னஸ் எழுதினாள். ‘ரவுண்டானாவில் பெரிய யானை வைக்க வேண்டும். முனியம்மா, பூ வியாபாரம்.’ முனியம்மா சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அன்றிலிருந்து ஆக்னஸின் கடை வாசலில் எப்போதும் நாலு பெண்கள் நின்றார்கள். அவளுடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பிளவுஸுக்கு அளவு எழுதுகிற பேனாவாலேயே யோசனையும் எழுதிக் கொடுத்தாள். ஆரம்பத்தில் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நடைபாதையைச் சரி பண்ணுங்கள், தெருவிளக்குப் போடுங்கள். ஆனால் ஒருமுறை வந்தது மறுமுறை செல்லாது அல்லவா? ஒரு வாரத்தில் நியாயமானவை எல்லாம் தீர்ந்துபோயின. பிறகு புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது, அவசரம் கூடக் கூடக் கற்பனையும் பெரிதாகிக்கொண்டே போனது. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ரோப் கார். மொட்டை மாடியில் பனிச்சறுக்கு. ஏற்கெனவே ஊரில் காட்சிக்கு நிற்கிற ராணுவ டாங்கிக்குத் துணையாக இன்னொரு டாங்கி. பிள்ளையாருக்கு லிஃப்ட். ரேஷ்மா ஒருநாள் ‘கடல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு ஓடினாள். ஆக்னஸ்தான் மீதியைப் பூர்த்தி செய்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் கடல் அமைக்க வேண்டும் என்று வாக்கியமாக்கி அனுப்பினாள்.

அவளும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். மெஷின் பக்கத்தில் பாட்டில் வந்தது. தினமும் மூன்று யோசனை கொடுத்தாள். இரண்டு மாதத்தில் விலாவலி நின்றது. டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டுக் கல் கரைகிறது, இப்படியே தொடருங்கள் என்றார்.

மாடியில் குழுமம் மலைத்துப்போயிருந்தது. ஒரு மாதத்துக்கென்று தொடங்கிய முகாமை நீட்டித்தார்கள். இந்தியாவில் எந்த ஊர் முகாமுக்கும் பெண்கள் இப்படி வந்ததில்லையாம். அஸ்வின் புள்ளிவிவரம் எடுத்து வண்ணப்படம் வரைந்தான். மார்க்கெட் ரோட்டுப் பெண்களின் படைப்பூக்கம் காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் டீக்குப் பிறகும் உச்சத்தைத் தொடுகிறது. வெயில் காலத்தில் குறைகிறது. மார்கழிப் பனியில் இரட்டிப்பாகிறது. யோசனை கொடுக்கிறவர்கள் வரும்போது பதற்றமாகவும் திரும்பும்போது நிம்மதியாகவும் காணப்படுகிறார்கள். நகரத்துக்குப் பங்களிப்பதில் கிடைக்கிற மனநிறைவே இதற்குக் காரணம் என்று அவன் முடிவு எழுதினான். அந்தப் படத்தை டெல்லியில் ஒரு கருத்தரங்கில் காட்டிவிட்டு, கண்ணாடிக் கோப்பை ஒன்றோடு திரும்பி வந்தான்.

விருது வந்த பிறகு எதையாவது கட்டித்தானே ஆக வேண்டும்? யானையைக் கட்டினார்கள். ரவுண்டானாவில், ஆக்னஸின் கடைக்கு நேர் எதிரே, சிமென்ட்டில், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தும்பிக்கையிலிருந்து காலை முதல் மாலை வரை சளசளவென்று தண்ணீர் கொட்டும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று மார்க்கெட்டில் இருந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். யானை வந்த நாளிலிருந்து யோசனைகள் இன்னும் அதிகரித்தன. அஸ்வின் அதற்கும் ஒரு படம் வரைந்தான்.

“என் வாயில சனி கீது” என்று முனியம்மா யானையைப் பார்த்துச் சொன்னாள். “ஒரு முயலுன்னு சொல்லியிருக்கலாம்.”

எல்லா நல்ல காரியத்துக்கும் ஒரு நிறைவு விழா உண்டு. பங்குனி மாதம் ஒருநாள் முகாம் முடிந்ததாக அறிவித்தார்கள். மாடிப்படியில் இரும்புக் கதவைப் பூட்டி, வேலை நிமித்தமன்றி வரக்கூடாது என்று பலகை வைத்தார்கள். அதே பலகையில் இன்னொரு அறிவிப்பும் இருந்தது. ரோஸ் கட்டிடம் ‘யோசனைக் கூடம்’ ஆக மாற்றப்படுகிறது. மக்கள் கொடுத்த யோசனைச் சீட்டுகள் அங்கே நிரந்தரக் காட்சியாக வைக்கப்படும். விழா முடிந்த மறுநாள் உள்ளே இருக்கும் பீங்கான்களைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிகள் வைப்பார்கள். பொற்கரங்கள் தேதி கொடுத்துவிட்டன. கழிப்பறை என்றபோது தயங்கிய பெரியவர், யோசனைக் கூடம் என்றதும் உடனே ஒப்புக்கொண்டாராம்.

ஆக்னஸ் அதை இரண்டு தடவை படித்தாள். செயல் அலுவலரைப் போய்ப் பார்த்தாள். இரும்புக் கதவில் வேலை நிமித்தம் என்று சொல்லி உள்ளே போக அரை நாள் ஆயிற்று. பக்தவத்சலம் அவளை உட்காரச் சொன்னார். பொறுமையாகவே கேட்டார்.

“அம்மா, உங்க மார்க்கெட்லேருந்து எத்தனையோ ஆயிரம் யோசனை வந்திருக்கு. நானே உட்கார்ந்து பார்த்தேன். யானை இருக்கு, கடல் இருக்கு, விமானம் இருக்கு. கழிப்பறை வேணும்னு ஒண்ணுகூட இல்லை. மக்கள் கேட்காததை நான் எப்படிக் கொடுக்கிறது? அது சர்வாதிகாரம் ஆயிடாதா?”

நான் முதல் நாளே கேட்டேனே என்றாள். அது புகார்க் கணக்கில் இருக்கிறது, புகார் வேறு பிரிவு என்றார். பிறகு முகம் மலர்ந்து, அதிக யோசனைகளை எழுதியவர் என்ற முறையில் அவளுக்கு ‘யோசனைத் திலகம்’ என்ற பட்டம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். சீட்டுகளில் முக்கால்வாசி ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருந்தது.

படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேலேயே கோபம் வந்தது. அவ்வளவு சீட்டையும் அவள்தான் எழுதினாள். ஒவ்வொன்றையும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான் எழுதினாள், ஒன்றில்கூட அதை எழுதவில்லை. மறுநாளிலிருந்து தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். விழா நாளுக்குள் விலாவில் பழைய இடத்தில் பழைய சுருக் வந்துவிட்டது.

விழா காலை பத்து மணிக்கு. அதனால் பெரியவர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். யானைக்குப் பக்கத்தில் மேடை. ரோஸ் கட்டிடத்தின் வாசலில் சிவப்பு ரிப்பன். கல்வெட்டில் பெயரும் தேதியும் எழுதிய காகிதத்தைத் தற்காலிகமாக ஒட்டி, அதன் மேல் பட்டுத்துணி மூடியிருந்தார்கள். பூட்டை எடுத்தாகிவிட்டது. எத்திராஜ் சலவைச் சட்டையில், தட்டில் கத்திரிக்கோலோடு நின்றார். மார்க்கெட் பெண்களைக் கூட்டமாக முன்வரிசையில் உட்கார வைத்து, வெயிலாக இருக்கிறதே என்று ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வழக்கப்படி எல்லோரும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. பெரியவரின் கார் பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டது என்று தகவல் வந்தது. கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று பக்தவத்சலம் பேச ஆரம்பித்தார்.

“இந்த இடத்தில் ஒரு கழிப்பறை தேவை என்று அதிகாரிகளாகிய நாங்கள் நினைத்தோம். அது எங்கள் தவறு. மக்களைக் கேட்காமல் கட்டிவிட்டோம். கட்டிய பிறகு கேட்டோம். கேட்ட பிறகுதான் தெரிந்தது, இந்த மார்க்கெட்டின் தாய்மார்களுக்கு அப்படி ஒரு தேவையே இல்லை. நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் யானையைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கட்டிடத்தை நாங்கள் கண்ணைப்போலக் காத்தோம். ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. அந்தத் தியாகத்தின் பலனைத்தான் இன்று பார்க்கிறீர்கள்.”

மேடையின் ஓரத்தில் சால்வையோடு உட்கார்ந்திருந்த ஆக்னஸ் இதைக் கேட்டுக்கொண்டே கையிலிருந்த பாட்டிலைத் திறந்தாள். குடித்தாள். முழுவதையும் குடித்தாள். மேசையில் பெரியவருக்காக வைத்திருந்த பாட்டிலையும் எடுத்துத் திறந்தாள். முன்வரிசையிலிருந்து முனியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முனியம்மாவும் தன் பாட்டிலைத் திறந்தாள். பக்கத்தில் ரேஷ்மா திறந்தாள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசை முழுக்கத் தண்ணீர் குடித்தது. வெயில்தான் என்று குழுமத்துக்காரர்கள் இன்னும் இரண்டு பெட்டி பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதிரே யானை சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

பக்தவத்சலத்துக்கு விஷயம் தீர்ந்துபோனது. பெரியவரும் வருகிறபாடாக இல்லை. யோசனைத் திலகம் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆக்னஸ் மைக்குக்கு முன்னால் வந்தாள். காலை மாற்றி மாற்றி நின்றாள். பயத்தினால் மட்டும் இல்லை.

“அந்த யோசனை எல்லாம் நான் எழுதினதுதான்” என்றாள். “இப்ப ஒரு யோசனைதான் இருக்கு. எனக்குப் போகணும்.”

மேடையிலிருந்து இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை, எங்கே போகணும் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் நேராக ரோஸ் கட்டிடத்துக்குப் போனாள். எத்திராஜ் தட்டோடு குறுக்கே வந்தார்.

“அம்மா, ரிப்பன் கீதும்மா.”

“நான் ரிப்பனைத் தொடலண்ணே” என்று சொல்லிவிட்டு, ஆக்னஸ் சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே கதவுகளில் எல்லாம் யோசனைச் சீட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எல்லாம் அவளுடைய எழுத்து. முதல் கதவில் யானை. அதைத் தள்ளினாள்.

அவள் வெளியே வருவதற்குள் முனியம்மா ரிப்பனுக்குக் கீழே குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை யானையைச் சுற்றிக்கொண்டு நின்றது. பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். எத்திராஜ் கத்திரிக்கோலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பக்தவத்சலத்தைப் பார்த்தார். பக்தவத்சலம் போனில் இருந்தார். அந்தப் பக்கம் பெரியவரின் உதவியாளர், உள்ளே ஆள் போயாகிவிட்டதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். பூந்தமல்லியில் மாட்டியிருந்த கார் அங்கேயே திரும்பிவிட்டது. திரும்புகிற பக்கம் டிராபிக் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்துக்கு எந்தப் பொற்கரமும் வரவில்லை. பழசாகிவிட்டது. பழசுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, திறக்காத கட்டிடத்தில் காட்சி வைக்க முடியாது, காட்சி வைக்காமல் பீங்கானைப் பெயர்க்க ஆர்டர் போட முடியாது. ஆகவே அது கேட்பார் இல்லாமல் நிற்கிறது, பெண்கள் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். எத்திராஜ் தினமும் கழுவுகிறார். இப்போது கழுவக் காரணமும் இருக்கிறது. ரிப்பனை மட்டும் அவிழ்க்கவில்லை. அதை வெட்டுகிற அதிகாரம் தனக்கு இல்லை என்கிறார். வெளுத்துப்போய் இன்னும் வாசலில் இருக்கிறது, எல்லோரும் குனிந்துதான் போகிறார்கள்.

அடுத்த மாதம் குழுமம் இரண்டாம் கட்ட யோசனை முகாமை அறிவித்தது. மாடியில் ஏசி போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, சோப்பெல்லாம் புதிதாக வைத்துக் காத்திருந்தார்கள். பூபாலன் மட்டும் படகு விஷயமாக வந்திருந்தார். ஒரு பெண்கூட வரவில்லை. நகர வளர்ச்சியில் பெண்களுக்குத் திடீரென்று ஆர்வம் குறைந்ததன் காரணத்தை ஆராய பக்தவத்சலம் ஒரு குழு அமைத்தார். குழுவுக்கு அஸ்வின் தலைவன்.

அஸ்வின் ஆராய்ச்சிக்காக ஆக்னஸின் கடைக்கே வந்துவிட்டான். முகம் வாடியிருந்தது. டெல்லிக்கு அடுத்த படம் அனுப்ப வேண்டுமாம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

“என்னாச்சுங்க மேடம்? எவ்வளவு ஐடியா கொடுத்தீங்க. ஒண்ணே ஒண்ணாவது சொல்லுங்களேன்.”

ஆக்னஸ் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். மெஷின் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்து, மூடியைத் திருகி வைத்தாள்.

“இப்ப ஒண்ணும் தோண மாட்டேங்கு தம்பி” என்றாள்.